போன் வாங்காத பத்துக் காசு

5.3.1988, சனி
கருமாதி முடிந்தும் அத்தை என்னோடு பேசவில்லை. நான் வைத்த தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது. எழுதினாலாவது மனம் ஆறுமா பார்ப்போம்.

சீனப் பெருநாள் அன்று என் கொழுந்தன் உமாபதிக்கு இழுப்பு வந்தது. வீட்டில் நானும் அவனைப் பெற்ற அத்தையும்தான்; பெருநாள் லீவில் எங்கள் தோட்டத்து லய வரிசை வீடுகளும் பூட்டிக் கிடந்தன. என் வீட்டுக்காரர் லோரி முதலாளியின் விருந்துக்குச் செகிஞ்சான் போயிருந்தார். டவுனில் இருக்கும் தோட்ட ஆபீஸ் கிராணி தேவதாஸைக் காரோடு கூப்பிடலாம் என்று, கைக்குக் கிடைத்த பத்துக் காசை எடுத்துக்கொண்டு கடைச் சந்திப்புப் பொதுப் போனுக்கு ஓடினேன். போடுகிறேன், கீழ்த் துளை வழியே வெளியே வந்து விழுகிறது. மறுபடி போடுகிறேன், விழுகிறது. கடை எல்லாம் அடைப்பு. வேறு காசு கேட்க ஒரு ஆள் இல்லை. வேறு காசு எடுக்க வீட்டுக்கே திரும்பி ஓடினேன் — அதற்குள் அவன் மூச்சு அடங்கிவிட்டது.

துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தைக்கு ஒரே பேச்சு: "ஒரு போன் போடத் துப்பில்ல இவளுக்கு."

6.3.88
உமாபதி போன மறுநாளே என் வீட்டுக்காரர் அந்தப் போனில் காசு போட்டுப் பார்த்தாராம். நன்றாக வேலை செய்ததாம். இன்றுதான் சொல்கிறார். "பதட்டத்துல நீ சரியா போட்டிருக்க மாட்டே லா, கங்கா." அன்பாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

9.3.88
அந்தக் காசு என்னிடம்தான் இருக்கிறது. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். இன்று போய் அதே போனில் போட்டேன். விழுந்தது. வேறு பத்துக் காசு போட்டேன், நின்றது. மறுபடி இதை — விழுந்தது. பின்னால் காத்திருந்த மலாய்க்கார அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தேன். அகலம் ஒன்றுதான். ஆனால் என்னுடையது மெலிசு.

12.3.88
கோலசிலாங்கூர் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எடை குறைவுதான். வீட்டுக்காரரிடம் சொன்னால், "தேஞ்ச காசா இருக்கும்" என்கிறார். விடமாட்டேன்.

19.3.88
கிள்ளானில் பழைய காசு வாங்கி விற்கும் சீனரிடம் போனேன். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். தேய்ந்த காசு இல்லையாம். தேய்ந்திருந்தால் விளிம்புக் கோடுகள் மழுங்கியிருக்குமாம், இதில் கூர்மையாக நிற்கின்றன. திராவகத்தில் போட்டு இளைக்க வைத்ததும் இல்லையாம், அப்படியென்றால் சுற்றளவும் குறைந்திருக்கும். தகடே மெலிசாகப் போய், அதன்மேல் அச்சு விழுந்திருக்கிறது. காசிலுள்ள கட்டடப் படம் முழுதாகப் பதிய உலோகம் போதவில்லை. எடை இல்லாததால் போன் அதைக் காசாகவே எடுத்துக்கொள்ளாதாம். இந்த மாதிரி அச்சுப் பிழைக் காசு கிடைப்பது அபூர்வம், நல்ல அதிர்ஷ்டம் என்றார்.

அதிர்ஷ்டம்!

நான் அழுததும், காசுக்குத் தருவதாகச் சொன்ன விலை போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டிச் சொன்னார். கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

20.3.88
வீட்டுக்காரர் காசை வாங்கிப் போய்ப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "நான் உன்னை நம்பியிருக்கணும்" என்றார். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது.

அத்தையிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "இத எங்கேருந்து எடுத்தே?"

"சாமிப் படத்துக்குக் கீழ இருந்த டின்னுல அத்தே."

அது அத்தையின் முட்டைக் காசு. கோழி முட்டை விற்று அவர் வாங்கி வாங்கிப் போடுவது. எனக்கு ஏன் இது முன்பே உறைக்கவில்லை?

22.3.88
அத்தை சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "நான் வாங்கிப் போட்ட காசு. எம்புள்ளைக்கு நானே எமன் ஆயிட்டேன்." பார்த்தால் யாருக்கும் தெரியாது அத்தே, எனக்கே தெரியலையே என்று கெஞ்சினேன். காதில் விழவில்லை. மகன் சொல்லியும் கேட்கவில்லை. என்னைத் திட்டக்கூட மாட்டேன் என்கிறார்.

24.3.88
இன்றும் இல்லை. தண்ணீர் மட்டும்.

25.3.88, வெள்ளி
டாக்டர் வந்து ஊசி போட்டுப் போனார். இப்படியே விட்டால் கஷ்டம் என்றார். நான் என்ன செய்வேன்? யாரைக் கேட்பேன்?

மாலையில் கஞ்சி வைத்து எடுத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தே, நான் சொன்னது பொய். இந்தக் காசு கிள்ளான் கடையில வாங்கினது. அன்னிக்குப் போட்ட காசு உள்ளதான் போச்சு. நான்தான் நம்பர தப்பா சுத்திட்டேன். பயந்துபோய்க் கதை கட்டினேன்."

அத்தை எழுந்து உட்கார்ந்தார். திட்டினார் பாருங்கள் — பாவி, குடிகேடி, எம்புள்ளயக் கொன்னவளே என்று, தொண்டை கட்டக் கட்ட. லயத்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் கதவோரம் நின்று என்னையே பார்த்தார். அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

திட்டிக்கொண்டே அத்தை கஞ்சியை இழுத்து ஒரு வாய் குடித்தார். உப்பு இல்லை என்று அதற்கும் திட்டினார்.

போய் உப்பு எடுத்து வந்தேன்.