நஸ்ரியா பெயர்த்தெடுத்த ஒட்டு

மரக்காணம்

அன்பு மகன் அஷ்ரபுக்கு அம்மாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம், குவைத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பும் மனசும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதி, லீவு முடிந்து திரும்புகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படி.

பொம்மையார்பாளையத்தில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற சிலம்பரசனின் பழைய ஃபைபர் படகு புயலில் கல்லில் மோதி அடியில் பிளந்து கிடந்ததும், உன் பெஞ்சாதி நஸ்ரியா நான் சரிபண்ணித் தர்றேன் என்று ஏற்றுக்கொண்டதும் உனக்குத் தெரியும். ஆம்பளைங்க வேலை, ஊர் என்ன பேசும் என்று சொல்லி அன்றிலிருந்து நீ அவளோடு பேசுவதில்லை. கோட்டக்குப்பத்தில் அவள் அத்தா இந்த வேலைதானே செய்தார், சின்ன வயசிலிருந்து கூட நின்று பழகியவள். படகு குட்டியானை வண்டியில் நம் வீட்டுத் தோட்டத்துக்கே வந்துவிட்டது. சமையல் முடிந்ததும் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளோடு உட்காருவாள். ஃபைபர் தூள் பட்டுக் கையெல்லாம் அரிக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திரும்பத் தேய்ப்பாள். பிளந்த இடத்தில் ஃபைபர் துணியை அடுக்கி ரெசின் பசை பூசி, அதன்மேல் பட்டி பார்த்து, வழவழவென்று ஆக்கிவிட்டாள். உன் கட்சியில் இருந்த உன் அத்தாகூட நாற்காலியைத் தோட்டத்தில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பெயின்ட் அடிக்க வேண்டிய நாளில் நஸ்ரியா அந்த ஒட்டுப் போட்ட இடத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் உள்ளே இறங்கியது. தூறல் போட்ட அன்றைக்குக் கலந்த ரெசின், இறுகவே இல்லை. பெயின்டோடு வந்திருந்த சிலம்பரசன், மேல பெயின்ட் அடிச்சிட்டா யாருக்கும்மா தெரியப்போவுது, ஞாயித்துக்கெழமை பசங்க வர்றாங்க, பெத்தவங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன் என்றான். நானும், விடும்மா, எவ்வளவு பாடுபட்டுட்டே என்றேன். அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அண்ணே, நமக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியுமே, உள்ள உக்காரப்போறது பசங்கதானே என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தாள். தான் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதைத் தானே பெயர்த்துப் போட்டாள். அத்தனை உழைப்பும் வீணாகிறதே என்றிருந்தது அஷ்ரபு, ஆனால் அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. சிலம்பரசன் கோபமாகத்தான் போனான். புதுச்சேரி போய் வேறு ரெசின் வாங்கி வந்தது யார் தெரியுமா, உன் அத்தா. நல்ல வெயிலுக்குக் காத்திருந்து, முன்னைவிட அகலமாகத் துணி வைத்து ஒட்டினாள், நானும் ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு படகைக் கடலில் இறக்கினார்கள். முதலில் சிலம்பரசன் தனியாகப் பாய் விரித்து ஒரு சுற்றுப் போய் வந்தான். வந்ததும் எல்லோர் முன்னாலும் படகின் அடிப்பக்கத்தைக் கையால் துடைத்து, சொட்டுத் தண்ணி இல்லம்மா, உன்னைக் கோவிச்சுக்கிட்டதுக்கு மன்னிச்சிடு என்றான். அப்புறம்தான் பிள்ளைகள் ஏறினார்கள். அவர்கள் ஏறுமுன் ஒட்டுப் போட்ட இடம் எதுவென்று நான் தடவித் தேடினேன், விரலுக்கு அகப்படவே இல்லை. பிள்ளைகள் திரும்பி வருகிறவரை நஸ்ரியா மட்டும் முழங்கால் தண்ணீரிலேயே நின்றிருந்தாள். பெத்த மகளாக இருந்தால்கூட நான் இவ்வளவு பூரித்திருக்க மாட்டேன்.

வெயிலில் அலையாதே, தலைவலி மாத்திரையைக் குறைத்துக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தந்து உங்கள் இருவரையும் ஒற்றுமையாக வைக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே. இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, அவளுக்குப் போடு. எப்படி இருக்கே என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லி முடித்துவிடுவாள். எப்படிச் செஞ்சே என்று கேள்.

உன் அம்மா,
மரியம் பீவி