உழைப்பு என்ற ஒரே சொல்

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதே. செத்துப்போனவளிடம் இப்படிக் கெஞ்சுவது விசர்தான். ஆனாலும் அப்பாவின் கையில் அகப்பட்டால் என் படிப்பு நின்றுவிடும்.

இன்று எங்கள் நெளுக்குளம் மில்லுக்கு நெல் காயவைக்கிற மெசின் வந்து இறங்கியது. கிறீஸ் மணம் வீடு முழுக்க நிற்கிறது. அவித்த நெல்லைப் பரப்பி வெயிலில் நின்று காலால் கிளறும் பெண்கள் இனித் தேவையில்லை என்று சாப்பிடும்போது அப்பா சொன்னார். நாளைக்கு அவர்களை வேலையிலிருந்து நிற்பாட்டப் போகிறார். அவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி.

அந்த மணத்தோடு உன் நினைவு வந்தது. கூடவே பழைய எரிச்சலும்.

போன வருடம் அண்ணன் கம்பஸ் லீவில் வந்தபோது பொதுவுடைமைப் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தான். நான்தான் முதலில் கேட்டேன். "உனக்கு விளங்காது" என்றான். பூவரசங்குளத்திலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த உன்னிடம் அதைத் தூக்கிக் கொடுத்தான்.

விடுவேனா? உன்னிடமிருந்து பறித்து முதற் பக்கம் பார்த்தேன். செல்வமெல்லாம் உழைப்பிலிருந்து வருகிறதாம்.

"அப்ப எங்கட அப்பா செய்யிறது சரிதானே. இந்த ஊரில அவரைப்போல ஆர் உழைக்கினம்? போன போகம் மட்டும் எவ்வளவு உழைச்சவர்" என்றேன்.

அண்ணனுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. நீ சிரிக்கவில்லை.

"எடி, நீ சொல்லுறது காசு வாறது. புத்தகத்தில இருக்கிறது முதுகு நோகிறது. எங்கட ஆக்கள் ரெண்டுக்கும் ஒரே சொல்லை வைச்சிருக்கிறம். அம்மா மத்தியானம் வரைக்கும் கிளறுறது தன்ர கூலிக்கு. பின்னேரம் கிளறுறது உங்கட வீட்டுக்கு."

அண்ணன் உன்னைப் பார்த்த பார்வை, என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. உன்னைக் கிள்ள வேண்டும்போல இருந்தது.

"மெசின் வந்தால் உன்ர அம்மா வெயிலில நிக்கத் தேவையில்லை" என்றேன், எப்படியும் வெல்ல வேண்டும் என்று.

"வெயிலும் போகும், கூலியும் போகும். மெசின் மிச்சம் பிடிக்கிற வேலைநேரம் ஆருக்கு எண்டு உன்ர அப்பாவைக் கேள்."

மாரி மழைக்காலத்தில் உனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது, அதிலேயே போய்விட்டாய். செத்தவீட்டில் அண்ணன் வேலிக்கரையில் போய் நின்று அழுதான். நான் செத்தால் இப்படி அழுவானா என்று அப்போதும் எண்ணினேன்.

அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் எப்போதோ எழுதிய பழைய கதை, இந்தக் காலத்துக்குச் சரிவராது என்று அப்பா சொல்வார். பழைய கதை இன்று லொறியில் இறங்கிய மெசினுக்கு எப்படி அளவெடுத்ததுபோலப் பொருந்துகிறது? வெயிலில் நிற்கிற பாடு இல்லாமல் போனால் உன் அம்மாவுக்கு ஆறுதல் அல்லவா வரவேண்டும்? அடுப்பு அணைவது ஏன்?

அண்ணன் இங்கே இல்லை. நீயும் இல்லை. கேட்பதென்றால் நான்தான் கேட்க வேண்டும். அதிலும் எனக்குப் பொறாமைதான். என் வாயால் கேட்டாலும் அது உன் கேள்வி. ஒரு கேள்வியாவது எனக்கென்று வரக்கூடாதா? உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதைத் தூக்கி எறியவும் முடியவில்லை.

கதவு தட்டும் சத்தம்.

"பிள்ளை, இன்னும் படுக்கேல்லையே?"

அப்பா. விளக்கை நூர்த்துவிட்டுப் படுத்தால் போய்விடுவார். நூர்க்கவில்லை. திறந்ததும் கேட்டுவிடப் போகிறேன், அப்பா, அந்த மெசின் மிச்சம் பிடிக்கிற வேலைநேரம்...