அப்பாவின் மேல் இறங்கிய அபிஷேகம்

மார்த்தாண்டம்
26.11.2015

பிரியமுள்ள மகள் ஜெமிக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், மஸ்கட்டில் நீயும் மருமகனும் பிள்ளையும் எங்களைவிடச் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், கடிதமானால் கடைசிவரை வாசித்த பிறகுதானே திட்ட முடியும், அதனால் எழுதுகிறேன். நான் வலி மாத்திரைக்கு அடிமையாகிக் கிடந்ததைச் சபையில் எழுந்து சொல்லிவிட்டேன். தங்கச்சி சுஜியின் கல்யாணப் பேச்சு முடிகிறவரை வாயைத் திறக்கக்கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னதை மீறிவிட்டேன்.

அம்மாவிடம் நீ துண்டு துண்டாகக் கேட்டிருப்பாய், நான் ஒழுங்காகச் சொல்கிறேன். நடு முதுகில் அடிபட்ட நாளிலிருந்து விழுங்கி விழுங்கி, வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. குடியை ஒழிப்போம் என்று ஊர் ஊராக மைக் பிடித்தவன் நான், சட்டைப்பையில் மாத்திரை அட்டை. உபவாச ஜெபத்தில் தண்ணீர்கூட வேண்டாம் என்று வீம்பு பிடித்தேன், மாத்திரையும் நின்றது. இரண்டாம் நாளே கண்ணும் மூக்கும் ஒழுக, உடம்பெல்லாம் புல்லரித்து வெடவெடவென்று நடுங்கினேன். ஆபேலின் மேல் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று சபையே அல்லேலூயா போட்டது. பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வேட்டியில் பேதியாகும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்ற முதல் கேள்வியிலேயே என் அபிஷேகம் இறங்கிப் போய்விட்டது. இன்னொரு நாள் வருகிறேன் என்று நழுவப் பார்த்தேன். "இப்பம் அனுப்பினா நேரா மருந்துக்கடைக்குத்தான் போவிய" என்று சொல்லி, பழைய மாத்திரையின் ஏக்கத்தை அடக்கும் வேறொரு மாத்திரையை அங்கேயே நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். கரையும்வரை பேசக்கூடாதாம். உன் அம்மா பக்கத்தில் நின்று, "இந்த மாத்திர முன்னமே கெடச்சிருந்தா எனக்க கல்யாண வாழ்க்க நல்லா இருந்திருக்கும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று பிறகு நியாயம் கேட்டேன். "சுகர் மாத்திர தினமும் போடுதியளே, அத யாராவது போதைன்னு சொன்னாவளா" என்றார். இப்போது வாரந்தோறும் போய் வாங்கி வருகிறேன். எத்தனை காலம் என்று தெரியாது, பழையபடி ஆகிவிடுவேனோ என்ற பயமும் உண்டு ஜெமி மக்களே.

இதற்கிடையில் அபிஷேகம் பெற்றதற்குச் சாட்சி சொல்லும்படி போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டார்கள். அளந்துவிட ஆசைதான். முந்தின நாள் சுஜியிடம் கேட்டேன், "மறச்சுக் கெட்டுற கல்யாணம் எனக்கு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அதனால் உள்ளதைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு போன் பண்ணவில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கைகொடுக்க ஒரு ஆள் இல்லை. நம் தோட்டத்தில் ரப்பர் வெட்டும் ஞானதாசன் மட்டும் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றான். அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் இருப்பாவ என்று கேட்டான். யாருக்கு என்றேன். ஒரு ஆளுக்கு என்றான். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்காக்கும் அண்ணே" என்றான். மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. கோபம் தீர்ந்ததும் சுஜிக்கு ஒரு போன் போடு, அவள் தைரியசாலி என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
ஆபேல்