அதிகாரி முன் அப்பா

மார்ச் 3, செவ்வாய்

வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவின் வீட்டை விற்றால்தான் பராமரிப்பு இல்லத்துக்குப் பணம் கட்ட முடியும். விற்பதற்கு அவர் எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். "அவருக்கு விவரம் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிடுங்க. விட்டுட்டீங்கன்னா கோர்ட்டுதான். உங்களைக் காப்பாளரா நியமிக்கவே ரெண்டு வருஷம் இழுத்தடிப்பாங்க" என்றார். பதிவு அதிகாரி அப்பாவைத் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பாராம். உளறினால் திருப்பி அனுப்பிவிடுவாராம். ஏப்ரல் 2 என்று நாள் குறித்தாயிற்று.

வீட்டுக்கு வந்தால், அப்பா எரிகிற அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு மாதம் தாங்குவாரா?

மார்ச் 5

தம்பி போனில் பேசினான். வீட்டு விலையை இல்லத்தின் கட்டணத்தால் வகுத்துப் பார்த்திருக்கிறான். "ஏழு வருஷம் வரும்க்கா. அதுக்கு மேல இருந்தார்னா?" என்றான். பிறகு அவனே, "இருக்க மாட்டார்" என்றான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அப்பாடா என்றுதான் இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஒத்திகை ஆரம்பம். "அப்பா, இன்னைக்கு என்ன தேதி? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

முகம் சிவந்துவிட்டது. "என்னையே டெஸ்ட் பண்றியா பாப்பா? உனக்கு மூக்கு சிந்தத் தெரியாத வயசுல..." என்று ஆரம்பித்தவர், பாதியில் சொல்ல வந்ததை மறந்து, அதற்கும் சேர்த்து என்னையே திட்டினார். தேதி கடைசிவரை வரவில்லை.

நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். "சுருக்குன்னு ஒரு நொடிதான்" என்று இருபது வருடமாக ஊரையே ஏமாற்றுகிறேன். இவரிடம் என் பாச்சா பலிக்கவில்லை.

மார்ச் 11

வழி கிடைத்துவிட்டது! அப்பா முப்பத்தாறு வருடம் குடிநீர் வாரியத்தில் எழுத்தர். வீட்டில் எங்களை ஆட்டிப்படைத்த மனிதர், அதிகாரி பேரைக் கேட்டாலே வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். இன்று மாலை கூடத்து மேசையைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டேன். கொண்டையை இறுக்கி, கண்ணாடி மாட்டி, ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்தே பார்க்காமல், "அடுத்து யாரு? உள்ள வாங்க" என்றேன்.

எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். "வணக்கம் மேடம்."

முகவரி, பிள்ளைகள் இரண்டு, மனைவி இறந்து நாலு வருடம் — எதுவும் தப்பவில்லை. தேதி கேட்டதும் ஓரக்கண்ணால் சுவர்க் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். கள்ளன். சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. பிசகினால், "இப்படிச் சொன்னா ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவேன்" என்று அதட்டுகிறேன். "மன்னிச்சிடுங்க மேடம்" என்று கையைக் கட்டிக்கொள்கிறார். ஒரு மதிப்பெண் குறைந்ததற்காக என்னை வாசலில் நிற்க வைத்தவர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

பெரிய கேள்வி: எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள்? "என் வீட்டை வித்து என் பராமரிப்புக்குச் செலவு பண்ண என் மகளுக்கு அதிகாரம் கொடுக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தலை." இருபது தடவை சொல்ல வைத்த பிறகு வந்தது. 'யாரும் கட்டாயப்படுத்தலை' என்ற இடத்தில் மட்டும் தடுக்கினார். அதைத் தனியாக எட்டுத் தடவை சொல்ல வைத்தேன்.

மார்ச் 26

சாப்பாடு போட்டு வைத்தேன். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"உட்காருங்கப்பா."

"பரவாயில்லை மேடம். நீங்க முதல்ல சாப்பிடுங்க."

கண்ணாடி இல்லை, கொண்டை இல்லை. நைட்டியில் இருந்தேன். அவருக்குக் களைப்பாக இருந்திருக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

களைப்பு இல்லை. மூன்று நாளாக மேடம்தான். கையைப் பிடித்து, "நான் பாப்பா, அப்பா" என்றேன். கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"அவ வேலைக்குப் போயிருக்கா மேடம். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா தங்கமான பொண்ணு. சாயங்காலம் வந்துடுவா."

தங்கமான பொண்ணாம். எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கியாப்பா? நாப்பத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை? யாரோ ஒரு மேடம்கிட்ட சொல்ற!

வக்கீலம்மாவிடம் கேட்டேன். "இன்னும் நாலே நாள்தான். இப்ப நிறுத்தினா எல்லாத்தையும் மறந்துடுவார். உங்க இஷ்டம்" என்றார். தம்பி, "பத்திரம் முடியட்டும்க்கா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான்.

என்னத்தைப் பார்ப்பது? மாலையில் கொண்டை போட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அப்பா தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னார். அதிகாரிக்கே ஆச்சரியம். கடைசியில் என்னை உள்ளே கூப்பிட்டு, "இவங்க யாருன்னு சொல்லுங்க பெரியவரே" என்றார்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பதுபோல, எனக்குக் கீழே வேலை பார்ப்பவரைப்போலப் பார்த்தார். நான் முறைத்தேன். என் அப்பாவை நான் முறைத்தேன்.

"மகள்" என்றார், பயந்துபோய்.

கையெழுத்தாயிற்று. "ரொம்ப நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க" என்று வக்கீலம்மா கையைக் குலுக்கினார்.

ஏப்ரல் 24

வீடு விற்றாயிற்று. முழுப் பணமும் வந்துவிட்டது.

மே 4

இல்லத்தில் சேர்த்தேன். கட்டில், அலமாரி, அழைப்பு மணி. ஜன்னலுக்கு வெளியே படுக்கை விரிப்புகள் காய்கின்றன. "எத்தனை நாள் டியூட்டி மேடம்?" என்றார். போர்வையை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 31, ஞாயிறு

என்னைக் கண்டதும் கட்டிலைவிட்டு எழுந்தார். ஒரு புகார் இருக்கிறதாம். எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"அப்பா, நான்தான்—"

"எழுதுங்க மேடம். தயவுசெஞ்சு."

கைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கம் எழுதினேன். என் மகள் என் வீட்டை விற்றுவிட்டாள். என்னை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டாள். ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. இங்கே இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். தேதி போட்டாயிற்றா என்று கேட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

"நடவடிக்கை எடுப்பீங்களா மேடம்?"

எடுக்கிறேன் என்றேன். இரண்டு கையையும் கூப்பினார்.