மணிக்குள் கையுறை

அன்புள்ள ஹால்வர்,

நானும் அப்பாவும் சுகம். அந்தக் கோடியாக் தீவுக் கடலில் நீயும் உன் மீன்பிடிப் படகும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் நினைப்பு. முதலில் சேதி: உன் அக்கா சிக்னி கேட்ட அமைதி அறைக்கு ஊர்க் கல்வி அறக்கட்டளை முழு மானியமும் கொடுத்துவிட்டது. இன்று மதியம் அறக்கட்டளைத் தலைவி லொரெய்ன் தொலைபேசியில் என்னிடம் உறுதிப்படுத்தினார். ஆனால் பத்திரிகையில் இதை நான் எழுத முடியாது. சொந்த மகள் பற்றிய செய்தியைத் தாய் தொடக்கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் ராய் புதிதாக வந்த நிருபர் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். இத்தனை வருடமும் மற்றவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொண்டிருந்தவளே நான்தான், என்ன பேச முடியும்? அதனால் முழுச் செய்தியும் உனக்கு.

சிக்னி பாடம் நடத்தும் இரண்டாம் வகுப்பில் டெஸ்ஸா என்று ஒரு குழந்தை இருப்பதைச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியை இழுத்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். சாப்பாட்டுக் கூடத்துச் சத்தம் தாங்காமல் பாதி நாளிலேயே அவள் அம்மா வந்து கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. இப்படியே போனால் ஜனவரியிலிருந்து ஃபேர்ஹோம் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பனியில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், ஏழு வயதுக் குழந்தை தினமும் பேருந்தில் போய் வர வேண்டும். சிக்னி கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வகுப்பை ஒட்டிய சாமான் அறையில் கனமான கம்பளம், சுவருக்கு மெத்தை, மங்கலான விளக்கு. தண்டனைக்கு அல்ல, குழந்தை தானாகவே போய் உட்கார்ந்து, தானாகவே திரும்பி வர. போன வருடம் அறக்கட்டளையின் தேர்வுக் குழு மறுத்துவிட்டது. மறுத்தவர்களில் முதல் ஆள் நம் மாட்டுச்சந்தை ஏலக்காரர் டுவேன். "நாம படிச்சப்ப இல்லாத சத்தமா? காது வெடிச்சு யாராவது செத்தோமா? சாமான் ரூமுக்கு மெத்தை ஒட்டவா நான் வருஷாவருஷம் பேன்கேக் சுட்டு நிதி திரட்டுறேன்?" என்றார். அதை ஒரு சொல் மாறாமல் நான் பத்திரிகையில் போட்டேன், உன் அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்த வருடம் அவள் விண்ணப்பத்தோடு நிற்கவில்லை, தேர்வுக் குழுவில் இருவரை அழைத்து மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் குழந்தைகள் நடுவே உட்காரவைத்தாள். ஒருவர் பாதியிலேயே தலைவலி என்று எழுந்து போய்விட்டாராம். வாக்கெடுப்பில் டுவேன் மட்டும்தான் எதிர்ப்பு.

இனி இன்று காலை நடந்தது. நான் அங்கே இல்லை, ஆனால் சிக்னி, பள்ளி அலுவலகத்து ஜோன், லொரெய்ன் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மானியம் கிடைத்த வகுப்புகளுக்கு முன்கூட்டியே சொல்லாமல் பலூன், ஊதுகுழல், மாட்டு மணி, ஆள் உயரக் காசோலை அட்டையோடு திடீரென்று போய் நிற்பது அறக்கட்டளைக்காரர்களின் வழக்கம் அல்லவா? மணி அடிப்பது எப்போதும் டுவேன்தான். மூன்று வகுப்புகளில் ஆரவாரம் செய்துவிட்டு அதே வேகத்தில் சிக்னியின் வகுப்புக்கும் வந்துவிட்டார்கள். அமைதி அறைக்குப் பணம் கொடுக்க மணி அடித்துக்கொண்டு வருகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சத்தம் நெருங்க நெருங்க டெஸ்ஸா மேசைக்கு அடியில் போய்விட்டாள். சிக்னி கதவைத் திறந்து வாயில் விரல் வைத்துவிட்டு, உள்ளே மேசையைக் காட்டினாள். டுவேன் குனிந்து பார்த்தார். பிறகு தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி மணிக்குள் திணித்தார். பலூன்களை வெளியே தண்ணீர்க் குழாயில் கட்டச் சொன்னார். பனிக் காலணியைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு உள்ளே போனார், மற்றவர்களும் அப்படியே. (காலுறையில் ஓட்டை ஒன்றா இரண்டா என்பதில் மட்டும் என் மூன்று சாட்சிகளும் ஒத்துப்போகவில்லை.)

ஏரிக்கு அக்கரையில் கேட்கும் குரலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் கிசுகிசுவென்று மானியத்தை அறிவித்தார். குழந்தைகள் கையைத் தூக்கி ஆட்டினார்கள், அந்த வகுப்பில் அதுதான் கைதட்டல். அப்போது டெஸ்ஸா மேசையடியிலிருந்து தலையை நீட்டி, "எனக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். டுவேன் சொன்னார். "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்று வெளியே வந்து எழுந்தே நின்றுவிட்டாள். டுவேன் மூன்றாவது முறையும் சொன்னார். இன்று டெஸ்ஸா கடைசி மணி வரை இருந்தாள். அவள் அம்மா வழக்கம்போல் மதியம் வந்து காரிலேயே காத்திருந்துவிட்டு, மாலையில் மகள் மற்ற பிள்ளைகளோடு வரிசையில் வருவதைப் பார்த்தாராம்.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இந்த வேட்டைப் பருவத்தில் மான் ஒன்றும் அகப்படவில்லை, முழங்கால் வலி என்று சாக்குச் சொல்கிறார். அதே முழங்காலோடு சனிக்கிழமை கம்பளம் விரிக்க நான்தான் வருவேன் என்று சிக்னியிடம் அடம்பிடிக்கிறார். நீ அங்கே ஈரக் கையுறையோடு வலை இழுக்காதே, மாற்றுக்கு இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் முடியாமல் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தீயணைப்பு ஆய்வாளர் வியாழன் காலை வந்து அந்த அறைக் கதவு உள்ளிருந்தும் திறக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். டெஸ்ஸா இங்கேயே படிப்பாளா என்ற கூட்டம் டிசம்பர் பதினாறு, மதியம் இரண்டு மணிக்கு. அதில் தானும் பேச வேண்டும் என்று டுவேன் அனுமதி கேட்டிருக்கிறார், மெதுவாகத்தான் பேசுவாராம். முடிவு அன்று மாலையே தெரியும் என்கிறார்கள். அதுவரை அவள் இங்கேயே இருப்பாள் என்று நான் எழுத மாட்டேன். அன்று மாலை மறக்காமல் அக்காவைக் கூப்பிடு, அதற்கு முன்னால் வேண்டாம். கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், மகனே.

அன்புடன் உன் அம்மா,
ஆர்லிஸ்