கோயிலடியில் நின்றவள்

கற்பிட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஃபாஹிமுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வாப்பாவும் நானும் தங்கச்சி நஸ்ஹாவும் உன் மனைவி அஸ்ரியாவும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இது என்ன புதினமாகக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் சரி உம்மா, சரி உம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு அப்படிச் சரி சொல்லித் தப்ப முடியாது. பக்கத்து வீட்டு நௌஃபர் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அவனுக்கு மட்டும் எப்படித்தான் லீவு கிடைக்கிறதோ. விஷயம் அஸ்ரியாவைப் பற்றியது. பயப்படாதே, அவளுக்கு நோய் நொடி ஒன்றுமில்லை. ஆனால் அவள் இனி எங்கே இருக்க வேண்டும் என்பதில் நானும் வாப்பாவும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம், அது உனக்கு விளங்க வேண்டுமென்றால் நாங்கள் சைக்கிளில் போன கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

வாப்பாவுக்குச் சீனி கூடியது உனக்குத் தெரியும். டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவர் கொஞ்ச நாள் மைதானத்தைச் சுற்றிவிட்டு, செக்கு மாடு மாதிரி சுத்த எனக்கு ஏலாது, எங்கயாவது போய்ச் சேர்ற மாதிரி இருந்தா வாறன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய கூட்டாளி வின்சன்ட், உடப்புக்கு இந்தப் பக்கம் கடற்கரையில் இருக்கிறாரே, அவர் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று அழைத்தார். சைக்கிளிலேயே போவோம், கடல் ஓரமாகப் போனால் வெயில் தெரியாது என்றார் வாப்பா. வெயில் தெரியவில்லை, உண்மைதான். காற்றுத் தெரிந்தது. ஓகஸ்ட் விடுமுறையில் சோழகக் காற்று அடிக்கும், தெற்கே போகிறவனுக்கு நேரே முகத்தில் அடிக்கும் என்பது கற்பிட்டியில் பிறந்த மனிதனுக்கு மறந்துபோய்விட்டது. நுரைச்சோலை வருமுன்பே என் வாயெல்லாம் மணல். நஸ்ஹா வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்று நனைந்துகொண்டு வந்தாள். ரோட்டை மறித்து நின்ற கழுதைகள் வாப்பா எவ்வளவு மணி அடித்தும் அசையவில்லை, கடைசியில் இவர்தான் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு சுற்றிப் போனார். என் முழங்காலை நினைத்துக் கவலைப்படாதே, காற்றுப் பலத்த இடமெல்லாம் நான் இறங்கி நடந்துவிட்டேன். அஸ்ரியா உன் சைக்கிளில் வந்தாள். கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை அவள்தான் எண்ணெய் போட்டு, துடைத்து, டயர் மாற்றி எடுத்தாள். அபாயாவின் ஓரத்தைக் கிளிப்பால் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனாள். அன்றைக்குப் பாலாவியில் சாச்சா வீட்டில் தங்கினோம். லொறிப் புழுதியில் நாங்கள் நாலு பேரும் மாவு மில்லில் வேலை செய்தவர்கள் மாதிரிப் போய் நிற்க, சாச்சி வாசலிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டா.

மறுநாள்தான் அந்தக் குழப்பம் நடந்தது. வின்சன்ட் போனில், கோயிலடியில வந்து நில்லுங்க, பெரிய கோயில், வழி மாறாது, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன் என்று சொன்னார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று வாப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கொஞ்சத் தூரம் போனதும் நஸ்ஹாவின் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. வாப்பா கை முழுக்கக் கிரீஸைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தார், இவர் பூட்டுவதும் அது கழல்வதுமாக இருந்தது. வின்சன்ட் மாமா வெயிலுக்க காத்துக்கொண்டு நிப்பாரு, நான் முன்னுக்குப் போய் விஷயத்தைச் செல்றன் மாமி என்று அஸ்ரியா போய்விட்டாள். அவளுடைய போன் என் பையில் கிடந்தது, அது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நாங்கள் ஒருவழியாகக் கோயிலடிக்குப் போனால் வின்சன்ட் குடையோடு நிற்கிறார், அவருடைய மனைவி கத்தரினா நிற்கிறா, அஸ்ரியாவைக் காணவில்லை. போன் எடுத்தால் அது என் பைக்குள்ளேயே அடிக்கிறது. கறுப்பு அபாயா போட்ட பிள்ளை ஒன்று நிற்காமல் நேரே போனது என்று மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். ஏன் போனாள், எங்கே போனாள் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு நிற்க, கத்தரினாதான் நெற்றியில் அடித்துக்கொண்டு, கோயில் எண்டால் மாதா கோயில் எண்டு வண்ணாத்திவில்லுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டா. எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கற்பிட்டியில் கத்தோலிக்கச் சனங்களோடு கூடி வாழும் நமக்கு அவர்கள் கோயில் என்றால் எது என்று சொல்லாமலே விளங்கும். அஸ்ரியாவின் ஊரில் அதைச் சேர்ச் என்பார்கள், கோயில் என்றால் சைவக் கோயில். பாவம் பிள்ளை, மாதா கோயிலைத் தாண்டிப் போய் ஒரு பெரிய கோயிலைத் தேடியிருக்கிறாள். அந்தத் திசையில் பெரிய கோயில் என்றால் உடப்பில்தான்.

வின்சன்டுடைய ஆட்டோவில் நானும் அவருமாகப் போனோம். உடப்பில் திருவிழா முடிந்து பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே மர நிழலில், கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அஸ்ரியா உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு வீட்டுக்காரி தேத்தண்ணி கொடுத்திருந்தா, அது குடிக்காமலே ஆறிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து நான் முதுகைத் தடவினேன். வின்சன்ட் ஆட்டோவுக்குப் பின்னால் சைக்கிளைக் கட்டப் போன நேரம் அவள் சொன்னாள், வழி பிழைச்சதுக்கு அழல்ல மாமி, நிக்கச் சொன்ன எடத்துல நிண்டன், ஒருத்தரும் வரல்ல, எனக்கு இதே வேலையாப் போச்சு. என்ன பிள்ளை செல்றாய் என்று கேட்டேன். அவங்க பெருநாளைக்கு வாறண்டாங்க, நான் நோன்புப் பெருநாளெண்டு நெனச்சி உடுப்பெல்லாம் தைச்சி வெச்சன், அது இல்ல ஹஜ்ஜுப் பெருநாளெண்டாங்க, அதும் போச்சு, இப்ப அடுத்த பெருநாளாம், அது எந்தப் பெருநாளெண்டு கேக்கவும் வெக்கமா இரிக்கி என்றாள். மகன், நீ பெருநாளைக்கு வருகிறாய் என்று நானும் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். எனக்கு அது ஒரு சந்தோஷமான கதை. அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாள் எண்ணியிருக்கிறாள். அவளுடைய ஊர் முன்பள்ளியில் படிப்பிக்க வரச்சொல்லிக் கேட்டார்களாம், அதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். நீ திடீரென்று வந்து இறங்கும் நேரம் தான் வீட்டில் இல்லாமல் போனால் சரியில்லை என்று மாட்டேன் என்றிருக்கிறாள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

அதன் பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை, வின்சன்ட் வீட்டில் நன்றாக இருந்தோம். வாப்பாவுக்காகவே கத்தரினா சீனி போடாத தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா, இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மீன் மட்டும் அளவில்லாமல் சாப்பிட்டார். பின்நேரங்களில் நஸ்ஹாவும் அஸ்ரியாவும் கடலில் கால் நனைத்துக்கொண்டு நின்றார்கள். கரையில் உட்கார்ந்திருந்தபோது நான் வாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், அது நம்மட மருமகளா, நம்மட மகன்ட ரூமுக்குக் காவலா என்று கேட்டார். நான் அவளைக் கூப்பிட்டு, முன்பள்ளிக்குப் போ பிள்ளை, உன் உம்மா வீட்டில் இரு என்று சொன்னேன். அவங்க என்ன செல்வாங்களோ மாமி என்றாள். அவனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன், அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வரும்போது காற்று முதுகுப் பக்கம். மிதிக்காமலே சைக்கிள் போனது. எல்லாம் தன்னுடைய ஏற்பாடு என்று வாப்பா பெருமை பேசிக்கொண்டு வந்தார். அஸ்ரியா முன்னால் போய்ப் போய்த் திரும்பிப் பார்த்து, வாங்க மாமி, வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

நாளைக்கு அவளை வண்ணாத்திவில்லுக்கு நாங்களே கொண்டுபோய் விடுகிறோம். கோபத்தில் போகிறாள் என்று யாரும் உன் காதில் ஊதிவிட்டால் நம்பாதே, உன் சைக்கிளையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன், முன்பள்ளிக்குப் போகத் தேவைப்படும். உன்னை நான் ஏசவில்லை மகன். அங்கே உன் கஷ்டம் உனக்கு, லீவு தருவதும் தராததும் உன் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இனிப் பெருநாள் என்று சொல்லாதே. திகதி தெரிந்தால் திகதியைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், இரண்டையும் முதலில் அவளிடம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வேலை என்றால் தண்ணீரைக் குறைக்காதே, சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உன் உடம்பையும் ஈமானையும் பாதுகாத்து, உன்னை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும், உங்கள் இருவருக்கும் ஒரே கூரையின் கீழ் நீண்ட ஹயாத்தைத் தரட்டும், ஆமீன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வரும் நாளில் புத்தளத்தில் இறங்கியதும் கற்பிட்டி பஸ்ஸில் ஏறாதே, வண்ணாத்திவில்லு பஸ்ஸில் ஏறு. என் ஆசையைக் கேட்டால் கற்பிட்டி பஸ்தான். என்றாலும் நீ அந்த பஸ்ஸிலேயே ஏறு.

என்றும் உன் நினைவாக,
உன் உம்மா
ஹஃபீலா