ப்ரீஆம்ப் தேவையில்லைதான்

அன்புள்ள இளவேனிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம், அப்பாவின் வலது கை நீங்கலாக. நீயும் சௌக்கியமாக இருப்பாய், ட்ரெஸ்டனில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன், ஸ்ரீரங்கத்தில் வெயில் விடுகிற பாடாயில்லை. மாடியில் காயப்போட்ட வடகத்தைக் குரங்கு தின்றுவிட்டது, உப்புப் போதவில்லை என்பதுபோல் பாதியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இதை லைப்ரரிக் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு வேளையில் அடிக்கிறேன், வீட்டுப் போனில் அடித்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிடுவார். கை விஷயம் உனக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கட்டளை. தை மாதத்திலிருந்து நடுங்குகிறது. பயப்படும்படியான நோய் இல்லை, மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுக்க நிற்காது என்று நரம்பு டாக்டர் சொன்னார். பிளான் வரைகிற வேலையைக் கூட வேலை செய்யும் ஆஸ்டினிடம் தள்ளிவிட்டார். காபியைப் பாதி டம்ளர்தான் ஊற்றச் சொல்கிறார், சர்க்கரையைக் குறைக்கிறாராம்.

இனி நீயும் அவரும் ஞாயிறு தவறாமல் சண்டை போடுகிற ப்ரீஆம்ப் விஷயம். நானும் எடுத்துப் படித்துப் பார்த்தேன், நீ சொல்வதுதான் சரி. நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பாட்டுப் பெட்டியிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருக்கிறது, அது நேராகப் பவர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது, நடுவில் ப்ரீஆம்ப் என்று இன்னொரு பெட்டி வைத்தால் கூடுதலாக ஒயரும் கொஞ்சம் இரைச்சலும்தான் மிச்சம். இசைத்தட்டு, டேப் என்று பலதும் வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் தேவைப்படலாம். அப்பா உன்னிடம் "சத்தத்துல உடம்பே இல்லம்மா" என்று, கனம் போதவில்லை என்கிற அர்த்தத்தில், சொல்வதெல்லாம் ஒப்புக்குத்தான். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அதைப் போன் திரையில் விரலால் தள்ளித்தான் கூட்டிக் குறைக்க வேண்டும், அவர் விரல் அதில் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

சித்திரைத் திருவிழாவில் யானை வாகனம் நம் வீதிக்கு வந்த அன்று நான் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். பெருமாள் வரும்போது பாட்டை அடக்கிவிடும் நம் வழக்கப்படி அடக்கிவிட்டு வருகிறேன் என்று அப்பா மாடியிலேயே நின்றார். விரல் உதறியதில் சத்தம் அடங்குவதற்குப் பதில் உச்சிக்குப் போய் நின்றுகொண்டது. பழைய காதல் பாட்டு. பதறி மறுபடி தொட்டதில் அடுத்த பாட்டு வந்தது, அது இன்னும் மோசம். நாதஸ்வரக்காரர் சீவாளியிலிருந்து வாயை எடுத்துவிட்டு நம் மாடியைப் பார்த்தார். தவில்காரர் மட்டும் தாளத்தை விடவில்லை, எந்தப் பாட்டுக்கு என்று தெரியவில்லை. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். எதிர்வீட்டு பீமராவ் அப்பாவை அண்ணாந்து பார்த்து "என்ன தங்கையன், பெருமாளுக்கே டூயட் போட்டுட்டீங்களே" என்றார், வீதியே சிரித்தது, அப்பாவும் சிரித்தார். அன்றிலிருந்து பெட்டியைத் தொடவில்லை. சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் "ஒனக்கு வேற வேலை இல்லையா" என்கிறார். ரிமோட்டும் வாங்கிப் பார்த்தாயிற்று, ஒரு தரம் அமுக்கினால் நாலு தரம் அமுங்குகிறது. சாயங்காலங்களில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதில் உடம்பு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் பாலக்கரையில் முகம்மது கனி பாய் கடைக்குப் போனோம். பழைய ப்ரீஆம்ப் ஒன்று வைத்திருந்தார், முகப்பில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு குமிழ். அப்பா அதைப் பிடித்துத் திருப்பினார். கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் குமிழ் கனமானது, நடுக்கத்தைச் சட்டை செய்யவில்லை. சத்தம் அவர் நினைத்த அளவுக்கு ஏறி நினைத்த இடத்தில் நின்றது. குறைத்தார், மறுபடி ஏற்றினார், வேறு வாடிக்கையாளர் வந்த பிறகும் விடவில்லை. கனி பாய் நல்ல மனிதர், "உங்க செட்டுக்கு இது தேவையே இல்லீங்க சார், வீணா எதுக்கு" என்று உன் கட்சியில் சேர்ந்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் "இருந்தா இருந்துட்டுப் போவுதுங்க" என்று மாற்றிக்கொண்டார். அதற்குள் அப்பா கையை எடுத்து பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு "எம் பொண்ணு சவுண்ட் இன்ஜினியருங்க, அவ வேணும்னு சொல்லட்டும், வாங்கிக்கிறேன்" என்றார். காவிரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் அந்தக் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

நான் சொன்னால் வாங்க மாட்டார். நான் சொன்னால் அது கைக்காக என்று ஆகிவிடும், நீ சொன்னால்தான் சத்தத்துக்காக. அதனால் இந்த ஞாயிறு நீ தோற்றுப்போக வேண்டும். எடுத்த எடுப்பில் தோற்காதே, சந்தேகப்படுவார், உன்னிடம் இதுவரை எதிலும் ஜெயித்துப் பழக்கமில்லாதவர். கொஞ்ச நேரம் நன்றாகவே சண்டை போடு, வீடியோ ஏதாவது அனுப்பு, பிறகு சலித்துக்கொண்டே, சரிப்பா, உடம்பு கொஞ்சம் கம்மிதான் என்று சொல்லிவிடு. கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. அவராகச் சொல்கிற அன்று முதல்முறை கேட்பவள்போல் கேட்டுக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியையே தின்று நாளை ஓட்டாதே. எந்த ஊரில் இருந்தாலும் ரங்கநாதர் உன் பக்கம் ஒரு கண் வைத்திருக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. மறந்துவிடாதே, தோற்றதும் போனை வைத்துவிடக் கூடாது. ஜெயித்த மனிதர் கொஞ்சம் பேச ஆசைப்படுவார்.

அன்புடன்,
அம்மா
மகாலட்சுமி